என்ர பேரிலை ஒரு சாவு

இதிலை ஆரும் வருவினமோ தம்பி? இல்லையோ? அப்ப கொஞ்சம் அங்காலை அரக்கும். அப்பாடா. இல்லை இல்லை, யன்னல் பக்கம் நீரே இரும், எனக்குக் காத்துப் பிடிக்க வேண்டாம். என்னோடை கதைச்சுக்கொண்டு வந்தீரெண்டால் அதுவே பெரிய உபகாரம். நாங்கள் ரெண்டு பேரும் ஏதோ முக்கியமான அலுவல் கதைக்கிற மாதிரி இருக்க வேணும். இடைக்கிடை தலையை ஆட்டும். ஆ, அப்பிடித்தான்.

பாக்காதையும்! முன்னுக்கு, டிறைவருக்குப் பின்னாலை, கம்பியைப் பிடிச்சபடி நிக்கிற மனுசி. மண்ணிறச் சீலை, நெத்தியிலை பெரிய பொட்டு. பாத்திட்டீர் என்ன? பாக்காதையும் எண்டெல்லே சொன்னனான். வவுனியா பஸ் ஸ்ராண்டிலை என்னைக் கண்டு கையைக் காட்டினவ. நான் காணாத மாதிரி பின் கதவாலை ஏறியிட்டன். அவ முன் கதவாலை ஏறியிட்டா. நடுவிலை இவ்வளவு சனம் நெரிபடுறபடியால் இப்போதைக்குத் தப்பினன். மாங்குளம் மட்டும் பயமில்லை. அங்கை பாதிச் சனம் இறங்கும். பிறகு நேரை நடந்து வந்திடுவா.

நீர் எங்கை இறங்கிறீர்? மாங்குளத்திலையோ! அட கடவுளே. நான் ஒட்டுசுட்டான் மட்டும் போக வேணும். அந்தப் பக்கம் உமக்கு ஒரு சொந்தக்காரரும் இல்லையோ? சரி, விடும்.

கோபக்காரியோ எண்டு கேக்கிறீர். சீ, தங்கமான மனுசி. தவமலர் எண்டு பேர். எங்கட வேலிக்கு வேலி அயல். ஒரு நாள் என்னைப் பாத்து ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அதுதான் தம்பி கரைச்சல். ஏசினால் நானும் ஏசிப்போட்டு வீட்டை போகலாம். அவ ஏசமாட்டா. பதினாறு வருசமா ஒரே கேள்வியைக் கேக்கிறா, அதுவும் மரியாதையா, "பஞ்சண்ணை, குறை நினைக்காதேங்கோ" எண்டு தொடங்கி.

என்ர பேர் பஞ்சலிங்கம். கூழாவடிக்குளம். பள்ளிக்கூடத்திலை கிளாக்கரா இருந்து பென்சன் எடுத்தவன். ஊரிலை போய்ப் பஞ்சலிங்கம் எண்டு கேட்டால் "எந்தப் பஞ்சலிங்கம், செத்த பஞ்சலிங்கமோ?" எண்டு கேப்பினம். சிரியும், பரவாயில்லை, எல்லாரும் சிரிக்கிறவைதான். நான் ஒருக்காச் செத்தவன் தம்பி. பதிவிலை செத்தவன். பெட்டி வந்து, ஊரே அழுது, தாட்டும் போட்டினம்.

பொறும், அவசரப்படாதையும். இதை ஒழுங்காச் சொல்ல வேணும். நான் எதையும் ஒழுங்காச் செய்யிறவன். எங்கட ஊர்த் தொண்டர் அணியின்ரை சரித்திரத்தை எழுதிக்கொண்டிருக்கிறன், தெரியுமோ? ரெண்டு சி.ஆர். கொப்பி நிறைஞ்சிட்டுது. ஆறு அதிகாரம் முடிஞ்சுது. ஏழாம் அதிகாரத்திலை வந்து நிக்கிறன். நிக்கிறன் எண்டால், ரெண்டு வருசமா நிக்கிறன்.

முதலாம் அதிகாரம், அணி உருவான விதம். கடைசிச் சண்டை தொடங்கின நேரம். இயக்கத்திலையிருந்து ஒரு பொறுப்பாளர் வந்து பள்ளிக்கூட மண்டபத்திலை கூட்டம் வைச்சவர். போராளியள் காணாது, ஊர்ச்சனம் எல்லையிலை காவலுக்கு நிக்க வேணும், வீட்டுக்கு ஒராள், பத்து நாள் முறை எண்டு சொன்னவர். நாப்பத்திரண்டு வீடு. ஒரு பெரிய பதிவுப் புத்தகத்தைத் தூக்கி என்ர கையிலை தந்திட்டார், என்ர எழுத்து முத்துமுத்தா இருக்கும் எண்டு ஆரோ சொல்லிப்போட்டாங்கள். நான் முதல் வேலையாத் தலைப்புப் போட்டன். சிவப்பு மையாலை, ரெண்டு கோடு அடிச்சு, "சுயவிருப்பின் பேரில் இணைந்த தொண்டர்கள்." பிறகுதான் ஆக்களைக் கையெழுத்து வைக்க விட்டனான். அந்தத் தலைப்புக்குக் கீழை நாப்பத்திரண்டு பேரும் கையெழுத்து வைச்சவை. அப்ப அவை சுயவிருப்பிலைதானே வந்தவை? வாசல்லை ரெண்டு பேர் துவக்கோடை நிண்டவங்கள், அது உண்மை. ஆனால் அது வாசல்லை. மண்டபத்துக்குள்ளை ஒரு துவக்கும் இல்லை. இதை நான் அப்பிடியே எழுதியிருக்கிறன். சரித்திரம் எழுதிறவன் பொய் எழுதக்கூடாது.

எங்கட படையை நீர் பாத்திருக்க வேணும்! சலூன் வைச்சிருந்தவர், வாய்க்கால் பாக்கிற ஓவசியர், நெல்லு மில்லிலை மூட்டை தூக்கிறவன், கோயில் நாதஸ்வரக்காரர். பயிற்சிக்குப் பொல்லைத் தூக்கிக்கொண்டு "இடம், வலம்" எண்டு ஒரு கிழமை. துவக்குக் கையிலை தந்த அண்டைக்கு நாதஸ்வரக்காரர் சுட்ட முதல் சூடு ஓவசியற்றை எருமையிலை பட்டுது. அணியின்ரை முதல் சூடும் அதுதான், முதல் இழப்பும் அதுதான். ரெண்டாம் அதிகாரத்திலை இருக்கு. ஓவசியர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லிச் சண்டை. நான் கிழிக்கேல்லை.

ஓமந்தை வந்திட்டுதோ? ம். அவ அங்கை நிக்கிறா, என்ன? நிக்கட்டும்.

இப்ப காவல் நிலையைச் சொல்லுறன், அது விளங்கினால்தான் மிச்சம் விளங்கும். எங்கட ஊருக்கு ஒரு பங்கர். ஒரு முறைக்கு மூண்டு பேர். தென்னங்குத்தி அடுக்கி, மேலை மண் மூட்டை. நிமிர்ந்தால் தலை தட்டும், குந்தினால் முழங்கால் நாடியிலை முட்டும். முன்னுக்கு வெட்டை வெளி, வெட்டைக்கு அங்காலை ஆமி. பின்னுக்கு றோட்டு, றோட்டிலை இயக்கத்தின்ரை காவல் தடை. அனுமதித் துண்டு இல்லாமல் பின்னுக்கு வந்தீரோ, வந்த வழியாலையே திருப்பி அனுப்புவாங்கள். முன்னுக்குப் போகேலாது, பின்னுக்கும் போகேலாது. பத்து நாள் முடிஞ்சு, உம்மட இடத்துக்கு வாற ஆள் பேரைச் சொல்லிக்கொண்டு உள்ளுக்கு இறங்கினால்தான் நீர் மேலை ஏறலாம். ஆள் வரேல்லையெண்டால் பதினொராம் நாளும் நீர்தான். ஆள் மாறுறது விடியமுன்னம், இருட்டோடை. ஒருத்தருக்கு ஒருத்தர் முகம் பாக்கிறேல்லை. பேரைக் கேட்டால் "ஓம்" எண்டால் சரி.

அதிலைதான் நான் ஒரு ஒழுங்கு கண்டுபிடிச்சனான். சனத்துக்கு ஆயிரம் அலுவல் இருக்குமெல்லே? ஒருத்தருக்கு வயலிலை தண்ணி பாயிற நாள், ஒருத்தருக்கு மனுசி பிள்ளைப்பேறு. முறையை மாத்தித் தரச் சொல்லி என்னட்டைத்தான் வருவினம். புத்தகத்திலை வெட்டித் திருத்தினால் பொறுப்பாளர் குதிப்பார். அதாலை நான் சொன்னன், புத்தகத்திலை கை வைக்க வேண்டாம், நீங்கள் ஆளை ஆள் மாறிப் போங்கோ, ஆற்றை முறையோ அவற்றை பேரைச் சொல்லி இறங்குங்கோ. இவன்ரை முறைக்கு அவன், அவன்ரை முறைக்கு இவன். பேர் சரி, தலை எண்ணிக்கை சரி. ஆருக்கும் தெரியக் கூடாது, வீட்டிலையும் சொல்லக் கூடாது. பொம்பிளையள் கிணத்தடியிலை கதைச்சால் பொறுப்பாளற்றை காதுக்குப் போயிடும். ஆறு மாசம் ஒரு பிசகு இல்லாமல் நடந்தது. எத்தினை குடும்பம் என்னைக் கும்பிட்டது தெரியுமோ?

பிறகு என்ர முறை வந்தது.

ஓம், எனக்கும் முறை இருந்ததுதானே. எழுதிறவன் எண்டு என்னை முதல்லை விட்டு வைச்சவங்கள், ஆள் தட்டுப்பாடு வர என்ர பேரும் ஏறிச்சுது. ஆடி மாசம். எனக்குக் காய்ச்சல். காய்ச்சல்தான் தம்பி, ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? என்ர மனுசி நெத்தியிலை கை வைச்சுப் பாத்தவ. பெரிய சூடு இல்லை எண்டுதான் சொன்னவ, ஆனால் காய்ச்சல் உள்ளுக்கை கிடக்கிறதும் உண்டெல்லே?

அயல் வீட்டுச் சிவபாதம், அவனைப் பாதம் எண்டுதான் கூப்பிடுறது, நெல்லு மில்லிலை மூட்டை தூக்கிறவன் எண்டனே, அவன்தான். தவமலற்றை புருசன். எருமைக்கடா மாதிரித் தேகம், வாயிலை ஒரு சொல்லு வராது. அவன்ரை முறை என்ர முறைக்குப் பிறகு, ஆவணி நடுப்பகுதியிலை. அந்த நேரம் அவன்ரை மூத்த பிள்ளை சுகிர்தாவுக்கு யூனிவேசிற்றிக்குப் போற ஏ.எல். சோதனை. பிள்ளை கணக்கிலை புலி. சோதனை மண்டபம் நாலு மைல், தான்தான் சைக்கிளிலை கொண்டுபோய் விட வேணும், முறையை மாத்தித் தா அண்ணை எண்டு என்னட்டை வந்து நிண்டவன். நான் சொன்னன், "பாதம், என்ர முறைக்கு நீ இப்ப போ, உன்ர முறைக்கு நான் போறன். சோதனை முடியுமட்டும் நீ பிள்ளையோடை நிக்கலாம்." ரெண்டு பேருக்கும் வசதி. நியாயமான ஒழுங்குதானே? சொல்லும், நியாயம்தானே?

தவமலருக்கு என்ன சொல்லுறது எண்டு கேட்டான். நெல்லு அரிவு வெட்டுக்கு விசுவமடுவிலை தமக்கை வீட்டை போறன், பத்து நாளிலை வாறன் எண்டு சொல்லச் சொன்னன். அப்பிடியே சொல்லிப்போட்டுப் போனான். சாரத்தைத் தலையிலை சுத்திக்கொண்டு, தடையிலை "பஞ்சலிங்கம்" எண்டு கூப்பிட "ஓம்" எண்டு சொல்லிக்கொண்டு இறங்கினவன். நான் ஊரிலை நிண்டால் விசயம் வெளியிலை வந்திடுமெல்லே, அளம்பிலிலை மச்சான் வீட்டை போய்ப் படுத்திட்டன். காய்ச்சலோடை.

ஆறாம் நாள் மத்தியானம் ஆமியின்ரை செல் விழுந்தது. நேரை பங்கருக்கு மேலை. மூண்டு பேரும் முடிஞ்சினம்.

தண்ணி வைச்சிருக்கிறீரோ? ஒரு முடக்கு. காணும், காணும்.

பெட்டியளை மூடித்தான் கொண்டு வந்தவங்கள், திறக்க வேண்டாம் எண்டு. ஒரு பெட்டிக்கு மேலை பஞ்சலிங்கம் எண்டு எழுதியிருந்தது. எங்கட வீட்டு முத்தத்திலை வைச்சு, மேளம் அடிச்சு, பொறுப்பாளர் பேசினவராம். நல்லாப் பேசினவராம். என்ர மனுசி குழறினது அடுத்த ஊருக்குக் கேட்டதாம். அவவுக்குத் தெரியும் உள்ளுக்கு ஆர் எண்டு. அதாலைதான் அப்பிடிக் குழறினவவோ தெரியாது. மூண்டு நாளும் வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தது ஆர் சொல்லும்? தவமலர்தான். என்ர மனுசியைக் கட்டிப்பிடிச்சுத் தேத்தினதும் அவதான். "அக்கா, தைரியமா இருங்கோ, என்ர மனுசன் வரட்டும், உங்கட வேலியெல்லாம் அடைச்சுத் தருவார்" எண்டு சொன்னவவாம். அதுக்குப் பிறகு என்ர மனுசி சாகுமட்டும் தவமலற்றை கையாலை ஒரு தேத்தண்ணி குடிச்சதில்லை.

நீர் கேப்பீர், உடனை ஓடிப்போய் நான் உயிரோடை இருக்கிறன் எண்டு சொல்லியிருக்கலாமே எண்டு. தம்பி, நீர் அந்தக் காலத்திலை அங்கை இருக்கேல்லை. ஆள் மாத்தி அனுப்பினது தெரிஞ்சால் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் முன்னரங்கிலை நிரந்தரமா விட்டிருப்பாங்கள். அது போகட்டும், எனக்கு ஒரு மகன் இருந்தவன், பதினெட்டு வயசு. ஒரு வீட்டிலை ஒராள் செத்தால் அந்த வீட்டை மற்றாள் கேக்க மாட்டினம், அதுதான் ஒழுங்கு. நான் செத்தபடியால் அவன் தப்பினான். இப்ப சுவிசிலை இருக்கிறான், ரெண்டு பிள்ளையள். பெரியவள் பாட்டெல்லாம் பாடுவாள், போனிலை வீடியோ கிடக்கு, காட்டட்டோ? சரி, பிறகு.

இப்ப கணக்கைப் பாரும். பாதத்தின்ரை முறை வந்தது. அவன்ரை பேருக்கு நான் போயிருக்க வேணும். அதுதானே பேச்சு. ஆனால் நான் செத்தவன். செத்தவன் எப்பிடித் தம்பி முறைக்குப் போறது?

தடையிலை "சிவபாதம்" எண்டு கூப்பிட்டவங்களாம். பதில் இல்லை. ஆள் வரேல்லை. வீட்டை போய்க் கேட்டால் விசுவமடுவுக்குப் போனவர் எண்டாவாம். விசுவமடுவிலை விசாரிச்சால் தமக்கைக்காரி, இஞ்சை வரவேயில்லை எண்டாளாம். சரி, ஆள் வள்ளம் ஏறி இந்தியாவுக்கு ஓடியிட்டார் எண்டு முடிவு. புத்தகத்திலை அவன்ரை பேருக்கு நேரை "தப்பியோட்டம்" எண்டு ஆரோ எழுதியிருக்கிறாங்கள். என்ன கோணல் எழுத்து! நான் எழுதேல்லைத் தம்பி. அதை நீர் வடிவா விளங்கிக்கொள்ள வேணும். நான் எழுதேல்லை. நான் அப்ப செத்தவன்.

எந்த இடம் இது? கனகராயன்குளமோ? கெதியா ஓடுறான் இவன். மற்ற நாளிலை இந்த பஸ் மாட்டு வண்டில் மாதிரிப் போகும்.

சுகிர்தாவோ? ... நான் அந்தப் பிள்ளையைப் பற்றி ஏதும் சொன்னனானோ? ஓம், சோதனை. ரெண்டு பாடம் எழுதினவள். மூண்டாம் பாடத்துக்கு முதல்நாள் வந்து கொண்டு போட்டாங்கள். தப்பியோடின ஆளின்ரை வீட்டிலை மற்றாளை எடுக்கிறது, அதுவும் ஒழுங்குதான். பிறகு பிள்ளை திரும்பி வரேல்லை. அது வேறை கதை, அது என்ர அணியின்ரை சரித்திரத்துக்குள்ளை வராது. தொண்டர் அணியிலை அவளைச் சேர்க்கேல்லை, நேரை இயக்கத்துக்குத்தான் எடுத்தவங்கள். நான் ஒரு எல்லை வைச்சுக்கொண்டுதான் எழுதுறன்.

சண்டை முடியுமட்டும் மச்சான் குடும்பத்தோடை ஒளிச்சுத் திரிஞ்சனான். முடிஞ்சு முகாமிலை கம்பி வேலிக்குள்ளை கிடக்கேக்கை சனம் என்னைக் கண்டுது. "அட, நீ செத்தனியெல்லே!" எண்டு கட்டிப்பிடிச்சாங்கள். பேர் மாறிப்போச்சு, பதிவிலை பிழை எண்டு சொன்னன். அந்த நேரம் செத்தவன் வாறதும் இருந்தவன் காணாமல் போறதும் புதினமே? எல்லாரும் சிரிச்சிட்டு விட்டுட்டினம். தவமலர் மட்டும் சிரிக்கேல்லை. தண்ணி லைனிலை எனக்குப் பின்னாலை வாளியோடை நிண்டவ. "பஞ்சண்ணை, குறை நினைக்காதேங்கோ, அப்ப அந்தப் பெட்டிக்குள்ளை இருந்தது ஆர்?" எண்டு கேட்டா.

நான் என்ன செய்ய? வேறை ஊர் ஆள் ஆராயும் இருக்கும் பிள்ளை எண்டு சொல்லிப்போட்டன். வாயிலை வந்ததைச் சொன்னனான். சொன்னாப் பிறகு அது அப்பிடியே நிண்டிட்டுது. அதைத்தான் பதினாறு வருசமாக் கேக்கிறா. கோயில்லை கண்டால் கேப்பா, சங்கக்கடையிலை கண்டால் கேப்பா. ஆரெண்டு ஞாபகம் வந்ததோ அண்ணை? எந்த ஊர் எண்டாவது ஞாபகம் வந்ததோ? ரெண்டு படத்தையும் பையுக்குள்ளை வைச்சுக்கொண்டு அரசாங்கக் கச்சேரி, காணாமல்போன ஆக்களின்ரை கமிசன், ஆர்ப்பாட்டம் எண்டு திரியிறா. ஒண்டு பாதம், மற்றது சுகிர்தா. வெயிலிலை நிண்டு நிண்டு ஆள் கறுத்துப்போனா.

ஆனால் ஒண்டு சொல்லுறன் கேளும். நான் வாயைத் திறக்காதபடியாலைதான் அவ இண்டைக்கும் பொட்டோடை இருக்கிறா. தாலி கழுத்திலை கிடக்கு. நல்லது கெட்டதுக்கு முன்னுக்கு நிண்டு ஆலாத்தி எடுக்கிறா. அதை அவவுக்கு ஆர் குடுத்தது? நான். ஊரிலை எத்தினை பொம்பிளையளுக்கு அந்தக் குடுப்பினை இருக்கு? புருசன் எங்கையோ இந்தியாவிலை உயிரோடை இருக்கிறான் எண்டு நினைச்சு ஒரு பிடி சோறு நிம்மதியாத் தின்னுறா எண்டால் அது என்ர புண்ணியம். நிம்மதியாத் தின்னுறாவோ எண்டு கேக்கிறீரோ? தின்னுறா எண்டுதான் நினைக்கிறன். நான் போய்ப் பாக்கிறேல்லை.

என்ர கரைச்சல் என்னெண்டால் அந்த ஏழாம் அதிகாரம். தலைப்பு, "அணியின் வீரச்சாவுகள்." மொத்தம் பதினொரு பேர். அஞ்சாவது பேர் பஞ்சலிங்கம். என்ர பேரை வெட்டினால் பத்துத்தான் வரும், பெட்டி பதினொண்டு வந்தது, ஊருக்கே தெரியும். வெட்டினால் அந்த இடத்துக்கு இன்னொரு பேர் வேணும். வெட்டாமல் விட்டால் நான் எழுதிற சரித்திரத்திலை நானே செத்துக் கிடக்கிறன். ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பாத்திட்டு மூடிறன். மூச்சு முட்டுது தம்பி. பங்கருக்குப் போகாமல் தப்பினன் எண்டு நினைச்சன். நான் இன்னும் மேலை ஏறேல்லை. என்ர இடத்துக்கு ஆர் வந்து இறங்குவினம் சொல்லும்?

நிப்பாட்டுறான். என்ன, மாங்குளமோ? இதுக்குள்ளையோ?

பொறும், எழும்பாதையும். கொஞ்சம் பிந்தி இறங்கும். பஸ் பத்து நிமிசம் நிக்கும், டிறைவர் தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வருவான். நான் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறன், ஆரும் இந்தப் பக்கம் வரேலாத மாதிரி. வாறாவோ? வாறா. அட, நேரை வாறா.

வா பிள்ளை, வா. இல்லை, காணேல்லை, சத்தியமாக் காணேல்லை. கண் கிளினிக்குக்குத்தான் வந்தனான், பார்வை சரியில்லை. இந்தத் தம்பியோடை முக்கியமான ஒரு அலுவல் கதைச்சுக்கொண்டு வாறன். பிறகு ஊரிலை கதைப்பமே?

என்ன இது, பிரசாதமோ? வவுனியாக் கோயிலுக்கோ போனனீ? ஏன், இண்டைக்கு என்ன விசேசம்?

இண்டைக்கோ. ஓம். ஓம், இண்டைக்குத்தான். தம்பி, இண்டைக்கு அந்தச் செல் விழுந்த திதியாம். எனக்கே மறந்துபோச்சு. ஒவ்வொரு வருசமும் இந்த நாளிலை போய் மோட்ச அருச்சனை செய்யிறவவாம். ஆருக்குப் பிள்ளை?

அந்தப் பெட்டிக்குள்ளை இருந்தவனுக்கோ.

கேட்டீரோ தம்பி என்ன சொல்லுறா எண்டு. அவன் ஆர் பெத்த பிள்ளையோ, தாய்க்காரிக்குத் தெரியாமல் எங்கையோ கிடக்கிறான், அவனுக்கு ஒரு விளக்கு ஏத்த ஆளில்லை எண்டு இவ ஏத்துறாவாம். தான் அவனுக்குச் செய்தால், தன்ரை மனுசன் எங்கை கிடந்தாலும் ஆரோ ஒருத்தி அவருக்குச் செய்வா எண்டு. பதினாறு வருசமா. ஐயர் பேர் கேக்கிறவராம். என்ன பேர் சொல்லுறனீ பிள்ளை?

என்ர பேரோ? ... குறை நினைக்கேல்லைப் பிள்ளை. குறை நினைக்கேல்லை. செத்த நேரம் அவனுக்கு அந்தப் பேர்தானே இருந்தது, சரிதான் நீ சொல்லுறது.

அய்யோ, என்னாலை ஏலாது.

பிள்ளை, இரு. இந்தச் சீற்றிலை இரு. தம்பி, நீர் எழும்பி இடம் குடும், ஆனால் போகாதையும், பக்கத்திலை நில்லும். பிள்ளை, அந்தப் பேர் பிழை. அவனுக்கு வேறை பேர். வேறை ஊர் ஆள் இல்லை, எங்கட ஊர். என்ர முறைக்குப் போனவன். நான்தான் அனுப்பினனான். விசுவமடு எண்டு சொல்லச் சொன்னதும் நான்தான். பாதம், பிள்ளை. உன்ர பாதம். அவன் ஓடேல்லை. ஒரு இடமும் ஓடேல்லை, ஆறு நாள் என்ர பேரோடை அந்தக் குழிக்குள்ளை நிண்டவன். உன்ர கண்ணுக்கு முன்னாலை எங்கட முத்தத்திலைதான் கிடந்தவன். நீ தேத்தண்ணி ஊத்தினது அவன்ரை செத்தவீட்டுக்குத்தான்.

சொல்லிப்போட்டன். அம்மாளாச்சி, சொல்லிப்போட்டன்.

அழு பிள்ளை. ஏசு. சனம் பாத்தால் பாக்கட்டும், என்ர முகத்திலை துப்பு. தம்பி, இவ ஏன் அழேல்லை? பொட்டை அழிப்பா எண்டு நினைச்சன், ஒண்டும் செய்யேல்லை, என்னையே பாத்துக்கொண்டிருக்கிறா. என்ன பிள்ளை? சத்தமாச் சொல்லு, எனக்குக் கேக்கேல்லை.

தம்பி, கேட்டீரோ? சுகிர்தாவைக் கேக்கிறா. "தகப்பன் ஓடேல்லையெண்டால் என்ர பிள்ளையை எதுக்குக் கொண்டு போனவங்கள்?" எண்டு கேக்கிறா. அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கிறா.

அது... அது வேறை கதை பிள்ளை. அது வந்து... அண்டைக்கு நான் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்... இல்லை, அதுக்கு முதல் உனக்கு விளங்க வேணும், எனக்கு ஒரு மகன்... தம்பி, நீர் சொல்லும். நீர்தானே எல்லாத்தையும் ஒழுங்காக் கேட்டுக்கொண்டு வந்தனீர். எனக்கு வாய் வரேல்லை. டிறைவர் ஏறியிட்டான், கொண்டக்டர் விசில் அடிக்கிறான், ஒட்டுசுட்டான் மட்டும் வாரும், இவவுக்குப் பக்கத்திலை என்னைத் தனிய விட்டிட்டுப் போகாதையும். தம்பி?

தம்பி, இறங்கியிட்டீரோ?